சீசன் முடிந்த பிறகு எது திரும்பி வராது?

தம்பி, நீர் கேட்டது இதுதானே. கம்பஸ் அறையில் நாலு பேர் சேர்ந்திருந்து ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் 3 சீசனையும் பார்த்து முடித்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கு இரண்டாம் சீசன்தான் பெரிது, மற்ற இரண்டு பேருக்கு மூன்றாவது. ஒவ்வொரு பகுதிக்கும் 10க்கு எத்தனை என்று மார்க் போட்டு, கூட்டிச் சராசரி எடுத்துப் பார்த்தும் சண்டை தீரவில்லை. சூப்பர்ஹீரோ, மாயாஜாலக் கார்ட்டூன் தொடர்களில் ஒரு சீசனை எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்.

நான் கொக்குவிலில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறவன். இந்தத் தொடர்களை வருடக்கணக்காகப் பார்த்து, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, கை எப்படி அசைகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறேன். அதனால் பதில் நீளும். கதை முடிவுகளைச் சொல்லாமல் இதைக் கதைக்கவும் முடியாது. இன்னும் பார்க்காத தொடரின் பெயர் வந்தால் அந்தப் பந்தியைத் தாண்டிப் போம்.

முதலில் அந்தச் சராசரியை விடும். எங்கள் பக்கம் காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். ஆரியமாலாவை விரும்பின காத்தான் கடைசியில் கழுமரம் ஏறப்போகிறான் என்பது முன்னுக்குப் பாய் விரித்து இருக்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நடுச்சாமத்தில் ஒரு காட்சி இழுபட்டால் பெரியவர்கள் தேத்தண்ணி குடிக்க எழும்புவார்கள், சிலர் கண்ணயர்வார்கள். கழுமரம் ஏறுகிற நேரம் ஒருவரும் நித்திரை இல்லை. அடுத்தநாள் ஒழுங்கையில் நின்று கூத்தைப் பற்றிக் கதைக்கும்போது, இழுபட்ட காட்சிக்கு மார்க் வெட்டி யாராவது கணக்குப் பார்த்ததைக் கண்டிருக்கிறீரா? மரத்தில் ஏறும்போது நெஞ்சை அடைத்ததா என்றுதான் கேட்பார்கள்.

சூப்பர்ஹீரோக் கதைகளுக்கும் மாயாஜாலக் கதைகளுக்கும் ஒரு பிறவி நோய் இருக்கிறது. அங்கே எதையும் பழையபடி ஆக்கிவிடலாம். செத்தவன் எழும்பி வருவான், காலம் பின்னுக்குப் போகும், இடிந்த நகரம் அடுத்த கிழமை முழுசாக நிற்கும். அதனால் நான் எந்த சீசனைப் பார்த்து முடித்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த சீசன் தொடங்கின நாளில் இருந்ததில் எது இனித் திரும்பி வராது? அப்புறம், அது யாருடைய முடிவால் போனது? ஆகாயத்திலிருந்து விழுந்த விபத்தால் போனதா, நாங்கள் பகுதி பகுதியாகப் பழகின ஒருவர் தன் மனதால் எடுத்த முடிவால் போனதா? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால், நடுவில் இரண்டு மூன்று பகுதி சோர்ந்திருந்தாலும் அது பெரிய சீசன்.

இனி உங்கள் சண்டைக்கு வருவோம். அவதார் 2005 தொடக்கம் 2008 வரை வந்தது. 20, 20, 21 என்று மொத்தம் 61 பகுதிகள். இரண்டாம் சீசனில், தீ நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இளவரசன் ஸூக்கோவை நினைத்துப் பாரும். தனியாகக் குதிரைக்கோழியில் அலைந்து, ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு உதவி செய்து, தன் பெயரைச் சொன்ன உடனே அந்தக் குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கிறான். பா சிங் சே நகரத்தில் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவுகிறான். பிடிபட்டிருந்த அப்பாவை அவனே அவிழ்த்துவிடுகிறான். (அப்பா என்பது கதாநாயகன் ஆங்கின் பறக்கும் எருமை. தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் எப்போதும் ஒரு கணம் குழப்பும்.) அவிழ்த்துவிட்ட கையோடு காய்ச்சல் வந்து விழுகிறான், தேறி எழும்புகிறபோது முகமே மாறியிருக்கிறது. சரி, பெடியன் திருந்திவிட்டான் என்று பார்க்கிறவர் மூச்சு விடுகிற நேரத்தில்தான் கடைசிப் பகுதி வருகிறது. நிலத்துக்கு அடியில், பச்சைப் பளிங்குக் குகைக்குள், தங்கை அஸூலா ஒரு பக்கம், வளர்த்த பெரியப்பா ஐரோ மறுபக்கம். அவன் தங்கையின் பக்கம் போகிறான். ஐரோ அவனைப் பார்க்கமாட்டாமல் தலையைத் திருப்புகிறார். ஆங் மின்னல் பட்டு விழுகிறான், நகரமும் விழுகிறது.

நல்லவர்கள் தோற்ற சீசன் என்பதற்காக அதை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஸூக்கோ எடுத்த அந்த முடிவை எந்த மந்திரத்தாலும் திரும்ப எடுக்க ஏலாது, அதுதான் காரணம். அவன் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம் என்பதை 19 பகுதிகள் எங்களுக்குக் காட்டியிருக்கின்றன. காட்டியதால்தான் வலிக்கிறது.

இதே சீசனின் 15ஆம் பகுதி, ‘பா சிங் சேயின் கதைகள்’. சின்னச் சின்னத் துண்டுகளாக வரும், பெரிய கதை ஓர் அடிகூட நகராது. இப்படியான பகுதிகளை ‘ஃபில்லர்’ என்று தள்ளிவிட்டுப் பார்க்கிற பழக்கம் இப்போது கூடிவிட்டது. உங்கள் நாலு பேரில் ஒருவர் இதற்கு 6 போட்டார் என்று எழுதியிருந்தீர். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐரோவின் துண்டைத் திரும்பப் பாரும். சந்தையில் சாமான் வாங்குகிறார், அழுகிற பிள்ளைக்கு ஒரு பாட்டுப் பாடிச் சிரிக்க வைக்கிறார், தன்னைக் கத்தி காட்டி மிரட்டிய கள்ளனுக்கே நிற்கும் முறையைத் திருத்திக் கொடுத்துவிட்டு அவனோடு தேத்தண்ணி குடிக்கிறார். மாலையில் ஒரு மலைமேல் மரத்தடிக்குப் போய், வாங்கின சாமான்களைப் பரப்பி, ஒரு படத்தை வைக்கிறார். போரில் செத்த மகனின் படம். பகல் முழுக்கச் சிரிப்புக்காகப் பாடின அதே பாட்டை இப்போது பாடமுடியாமல் பாடுகிறார். அவர் தளபதியாக நின்று முற்றுகையிட்ட நகரம்தான் கீழே தெரிகிறது. மகன் செத்தது அந்த முற்றுகையில்.

எங்கள் வீட்டில் நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மம்மா பக்கத்தில் இருந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் விளங்காது, கார்ட்டூன் என்றால் திரும்பியும் பார்க்கமாட்டார். கத்தியை அப்படியே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். “ஆற்ற படம் அது? மகனோ?” என்றார். “ஓம் அம்மம்மா, சண்டையில போன மகன்” என்றேன். பாட்டு முடியும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “ஊதுபத்தியும் கொளுத்தி வைச்சிருக்கிறார், என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பி உள்ளுக்குப் போனார். எங்கள் ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் அப்படியொரு படம் தொங்குகிறது என்பது உமக்கும் தெரியும். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006இல் இறந்துபோனார், அந்தத் துண்டு அவருக்கே காணிக்கையாகப் போடப்பட்டது. திரும்பி வராதது என்று நான் சொல்வதை இந்த நாலு நிமிடத்தை விட அழுத்தமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரியாது. கதை நகரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐந்து பகுதி கழித்து ஸூக்கோ கைவிடப்போவது எப்படியான மனிதரை என்று எங்களுக்குத் தெரிவது இங்கேதான்.

மூன்றாம் சீசனுக்கு வாதாடுகிற இரண்டு பேரும் கூடாரக் காட்சியைத்தான் சொல்லியிருப்பார்கள். ஸூக்கோ இரவு முழுக்கப் பெரியப்பாவின் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறான், அவர் குறட்டை விட்டு உறங்குகிறார். விடிந்து அவர் எழும்ப, இவன் அழுதழுது மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறான். வசனம் முடிய முன்னமே அவர் அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், இன்னும் கண் கலங்கும். ஆனால் அந்த அணைப்பின் பாரம் முழுவதும் குகைக்குள் தலையைத் திருப்பின ஐரோவிடமிருந்து வருகிறது. இரண்டாம் சீசன் ஏற்றி வைத்த கடனை மூன்றாம் சீசன் ஒழுங்காக அடைக்கிறது. அடைக்கத் தெரிவதும் திறமைதான், அதற்குரிய மார்க்கைக் கொடும்.

அதே சீசன் தானாக வாங்கின கடனைத்தான் அது சரியாக அடைக்கவில்லை. தீ அரசனைக் கொல்லலாமா, கூடாதா என்று ஆங் தவிக்கிறான். உயிரைக் கொல்லாத துறவிகள் வளர்த்த பிள்ளைக்கு அது உண்மையான தவிப்பு. அதற்கு விடையாக, முடிவுக்குக் கிட்ட ஒரு பிரமாண்டமான சிங்க ஆமை கடலில் மிதந்து வந்து, எதிரியின் சக்தியையே பறிக்கிற வித்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. பிள்ளை தானாகத் தேடி, எதையோ இழந்து பெற்ற விடையாக அது இல்லை. ஆகவே என் தீர்ப்பு இரண்டாம் சீசன் பக்கம்.

இதே அளவுகோலை அவதாரின் தொடர்ச்சியாக வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் கோரா’வில் வைத்துப் பாரும், படம் இன்னும் தெளிவாகும். 2012இல் வந்த முதல் சீசனின் கடைசியில் கோரா தன் சக்திகளை இழக்கிறாள். பனிப்பாறை விளிம்பில் நின்று அழுகிறாள். சில நிமிடத்தில் ஆங்கின் ஆவி வந்து எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிடுகிறது. 12 பகுதியாகக் கட்டியது ஒரு தொடுகையில் அழிந்துபோகிறது. மூன்றாம் சீசனிலோ எதிரிகள் ஏற்றிய நஞ்சு அவள் உடம்பை முறித்துப் போடுகிறது. எல்லாரும் கொண்டாடுகிற கடைசிக் காட்சியில் சக்கர நாற்காலியில் இருந்து வெறித்துப் பார்க்கிறாள், கன்னத்தில் ஒரு துளி கண்ணீர். நாலாம் சீசன் 3 வருடம் கழித்துத் தொடங்கும்போதும் அவள் முழுசாகத் தேறவில்லை. ஒரு கதாநாயகிக்கு இவ்வளவு நாள் நோய்ப்படுக்கை கொடுக்கத் துணிந்த கார்ட்டூன்கள் குறைவு.

நாலாம் சீசனின் 8ஆம் பகுதி பழைய காட்சிகளைத் தொகுத்து ஒட்டிய ஒன்று. அதற்கு மார்க் குறைக்க முன்னம் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தயாரிப்புப் பணத்தில் ஏறக்குறைய ஒரு பகுதிக்குரிய தொகை வெட்டப்பட்டது. வேலையாட்களை நிறுத்துவதா, பழைய காட்சிகளை வைத்து ஒரு பகுதியை ஒப்பேற்றுவதா என்ற நிலை வந்தபோது, படைத்தவர்கள் ஆட்களைக் காப்பாற்றினார்கள். ஏஎல் சோதனையில் வேறு வேறு பாட மார்க்கை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில்லை, இசட் ஸ்கோர் பார்க்கிறார்கள். வினாத்தாள் எவ்வளவு கடினம் என்பதும் கணக்கில் வருகிறது அல்லவா? ஒரு சீசனுக்கும் அதைச் செய்ய வேண்டும். 9 பகுதியைச் செதுக்கிச் செதுக்கி எடுத்த ‘ஆர்கேன்’ முதல் சீசனையும், தொலைக்காட்சி நேரத்தை நிரப்ப ஒரே சீசனில் 39 பகுதி எடுக்க வேண்டியிருந்த ஒரு பழைய தொடரையும் ஒரே தராசில் போடுவது அநியாயம்.

பார்க்கிற ஒழுங்கும் தீர்ப்பை மாற்றிவிடும், இதில் நான் நல்லாய்ச் சூடுபட்டவன். ஒரு காலத்தில் டவுனில் ஒரு கடையில் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ டிவிடி வாங்கினேன். வீட்டில் போட்டால் பகுதிகள் எல்லாம் தாறுமாறு. இரண்டு பாகக் கதையின் இரண்டாம் பாகம் முதல் தட்டில், முதலாம் பாகம் மூன்றாம் தட்டில். ஒரு மாதமாக அந்தத் தொடர் குழப்பமானது என்றே நம்பியிருந்தேன். பிறகுதான் அது கடைக்காரரின் பிழை மட்டும் இல்லையென்று தெரிந்தது. 1992இல் தொடங்கிய அந்த 85 பகுதிகளுக்கும் ஒளிபரப்பான வரிசை ஒன்று, தயாரித்த வரிசை வேறு. சீசன் பிரிப்பும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி. அதனால் இந்தத் தொடரில் “எந்த சீசன் பெரிது” என்ற கேள்விக்கே பெரிய பொருள் இல்லை. அங்கே ஒவ்வொரு பகுதியும் ஒரு சிறுகதை, சிறுகதையாகவே அளக்க வேண்டும். மிஸ்டர் ஃப்ரீஸ் வருகிற ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ பகுதி பார்த்திருப்பீர். கடைசியில் சிறைக்குள் தனியாக இருந்து, உள்ளே ஒரு நடனப் பொம்மை சுழலும் கண்ணாடிக் குண்டைக் கையில் வைத்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். சுமார் 20 நிமிடத்தில் திரும்பி வராதது எது என்று காட்டி முடித்துவிட்டார்கள்.

அந்தத் தொடரின் கோத்தம் நகரம் ஏன் அப்படி இருட்டாகத் தெரிகிறது தெரியுமா? பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். எரிக் ரடோம்ஸ்கி கொண்டுவந்த முறை அது. 2022இல் நாள் முழுக்கக் கரண்ட் போய் வந்த காலத்தில் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினேன். கறுப்புத் தாளும் போஸ்டர் கலரும் கொடுத்து, ஒழுங்கை முனையில் எரிகிற ஒரு லைட்டை வரையச் சொன்னேன். எப்போதும் பென்சிலால் கோடு போட்டுத் தொடங்குகிற பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். “சேர், எங்கயிருந்து தொடங்கிறது?” என்று ஒரு சின்னவள் கேட்டாள். வெளிச்சம் விழுகிற இடத்தில் தொடங்கு, மற்றதைத் தொடாதே என்றேன். மஞ்சளில் ஒரு வட்டம், மதிலில் ஒரு கீற்று, சைக்கிள் ஹாண்டிலில் ஒரு புள்ளி. மற்றதெல்லாம் தாளே பார்த்துக்கொண்டது. ஒரு சீசனின் சித்திரத்தை மதிப்பிடும்போது “அசைவு வழுவழுப்பாக இருக்கா” என்று மட்டும் பார்க்காதேயும், இப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா என்று பாரும். அதற்காக அசைவை விட்டுவிடவும் முடியாது. ‘தி டிராகன் பிரின்ஸ்’ முதல் சீசனில் ஆட்கள் விட்டு விட்டு அசைந்தது கதையையே கெடுத்தது. பார்த்தவர்கள் முறைப்பட்டபின் இரண்டாம் சீசனில் அதைத் திருத்தினார்கள்.

‘யங் ஜஸ்டிஸ்’ பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர். முதல் சீசன் 26 பகுதி. முடிவில் பெரிய வீரர்கள் 6 பேர் எதிரியின் பிடிக்குள் இருந்த 16 மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வென்ற களிப்புக்கு நடுவில் அந்தக் கேள்வி நிற்கிறது. இரண்டாம் சீசன் 5 வருடம் தாவி, அந்த 16 மணி நேரத்துக்கு விலை கொடுக்க வைக்கிறது, கடைசியில் இளம் வீரன் வாலியின் உயிரையும் எடுத்துக்கொள்கிறது. 2013இல் நிறுத்தி, 2019இல் திரும்பத் தொடங்கின பிறகு ஆட்கள் தொகை பெருகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கொடுத்தால் ஒருவருடைய முடிவும் மனதில் ஊறாது. எனக்கு முதல் இரண்டும் போதும்.

பாதியில் நின்றுபோன தொடர்களை என்ன செய்வது? தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாத காலத்தில், டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெயில் ஜெனரேட்டர் ஓடவிட்டு ஊரே கூடிப் படம் பார்ப்போம். எண்ணெய் முடிந்தால் படமும் நின்றுவிடும். மிச்சக் கதையை வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம். பார்த்தமட்டும் நல்ல படம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு தயக்கமும் இருந்ததில்லை. ‘தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்-மேன்’ 2008, 2009 என்று இரண்டு சீசன், 26 பகுதியோடு உரிமைச் சிக்கலில் நின்றது. அதில் ஒவ்வொரு சீசனும் தன் கதையைத் தானே முடித்துக்கொள்கிறது, அதனால் தொடர் நின்றதற்காக சீசனுக்கு மார்க் வெட்டவேண்டியதில்லை.

‘இன்வின்சிபிள்’ நேர் எதிர்ப்பாடம். 2021இல் முதல் சீசனின் 8ஆம் பகுதி, தகப்பன் மகனை அடித்து நொறுக்குகிறார். 500 வருடம் கழித்து உன்னிடம் என்ன மிஞ்சும் என்று கத்துகிறார். மகன், பல்லெல்லாம் இரத்தமாக, நீங்கள் இருப்பீர்கள் அப்பா என்கிறான். கை ஓங்கியபடியே நின்றுபோகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் பழையபடி இல்லை. தாய் தனியாக மேசையில் இருந்து குடிக்கிற காட்சிகள் இரண்டாம் சீசனில் வருகின்றன, எனக்குப் பெரிய சண்டைகளை விட அவைதான் நினைவில் நிற்கின்றன. அந்த சீசன் வந்தபோது நிறையப் பேர் ஏமாற்றம் என்றார்கள். 2023 நவம்பரில் 4 பகுதி விட்டு, மிச்சம் 4ஐ 2024 மார்ச்சில்தான் தொடங்கினார்கள், அதுதான் காரணம். எட்டையும் ஒன்றாகப் பாரும், கருத்து மாறும்.

இனி, 9 வயதுத் தங்கச்சிக்குத் தமிழில் எதைப் போட்டுக் காட்டலாம் என்று கேட்டிருந்தீர். சுட்டி டிவியில் தமிழ் பேசின ஜாக்கி சான் தொடரின் முதல் சீசனோடு தொடங்கும். 13 பகுதி. 12 மந்திரக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம், ஒரு சக்தி. இரண்டாம் சீசன் முன்னர் சொன்ன அந்த 39 பகுதி, வாசல்களும் பேய்களும் முடிந்த பிறகு உதிரிக் கதைகளாக இழுபடும், அங்கே கொஞ்சம் தாண்டலாம். ஆனால் முதல் சீசனைப் பார்க்கும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் கையில் கொடும். எந்தக் கல் யாரிடம் இருக்கிறது என்று அவளே கோடு போட்டுக் குறிக்கட்டும். என் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் பார்த்தார்கள். 12 பெட்டி கீறி, கல் கை மாறுகிற ஒவ்வொரு தரமும் அழித்து எழுதி, கடைசியில் தாள் கிழிந்தே போனது.